ஏற்காட்டில் குடியேறலாமா?

சேலம் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே வியர்க்க விறுவிறுக்க ஏறியவர் பத்தாவது வளைவில் ஏசியை நிறுத்துகிறார், பதினைந்தாவதில் கண்ணாடியை இறக்குகிறார், இருபதாவதைத் தாண்டி சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் கண்ணில் பட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: “பேசாம இங்கேயே ஒரு இடத்த வாங்கிப் போட்டு வந்துட்டா என்ன?”

மே மாதக் கோடை விழாவுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். பெரும்பாலோருக்கு அந்த எண்ணம் ஞாயிறு மாலை இறங்கும்போது பத்தாவது வளைவிலேயே கழன்றுவிடும். சிலருக்குக் கழலாது. அவர்கள்தான் அடுத்த வாரமே புரோக்கருக்குப் போன் போடுகிறவர்கள்.

கேள்வி விளையாட்டானதும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். 2015 டிசம்பரில் வெள்ளம் பார்த்து, 2019 கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, 2020 ஊரடங்கில் இரண்டு அறை வீட்டுக்குள் அடைந்து கிடந்த சென்னைவாசிக்கு, ‘இந்த ஊர் எதற்கு?’ என்று தோன்றியதில் வியப்பில்லை. ஊட்டியும் கொடைக்கானலும் கைக்கு எட்டாத விலை. சேலம் ஜங்ஷனில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில், 1,500 மீட்டர் உயரத்தில், ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயரோடு நிற்கிறது ஏற்காடு. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். கோடையிலும் வெயில் 30 டிகிரியை எட்டுவதே அபூர்வம். ஆண்டு மழை சுமார் 1,500 மில்லிமீட்டர்.

இவ்வளவும் தெரிந்ததுதான். இதற்கு முன் மேலே ஏறி வந்தவர்கள் யார், எதை வைத்துப் பிழைத்தார்கள், யார் நிலைத்தார்கள் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் வரலாறே ஏறி வந்தவர்களின் வரலாறுதான்.

மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்தவர் அல்லர்; தமிழ் பேசும் பழங்குடியினர், தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியவர்கள். 2011 கணக்கில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை சுவையானது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. வரலாறாக இதை நிறுவ முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் பூர்வகுடி என்று நாம் சொல்கிறவர்களே ஒரு பெருநகரத்தை விட்டு வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது, இடம் தேடி வரும் இன்றைய ஐடி ஊழியருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். மலையாளிகளுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் இந்த மலையில் நிறையக் கிடைத்திருக்கின்றன. மலை மக்கள் அவற்றைப் பொறுக்கி வந்து கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்து ஏறியவர்கள் வெள்ளையர்கள். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்பியையும் ஆப்பிள், பேரி போன்ற பழமரங்களையும் கொண்டுவந்து நட்டார். அவருடைய கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் இன்றும் ஊரில் புழங்குகிறது. கவனிக்க வேண்டியது, அவர் ஆட்சியர். சம்பளம் சேலத்துக் கச்சேரியிலிருந்து வந்தது. காப்பி நட்டது பிழைப்புக்காக அல்ல.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் இருவர் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள். ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். 1882-இல் அவர் இறந்தது ஏற்காட்டில். இன்னொருவர் அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி போட்ட நிலவியலாளர். இந்திய நிலவியல் துறையிலிருந்து 1891-இல் ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டைத் தன் ஊராக்கிக்கொண்டார். அவர் 1912-இல் கல்கத்தாவில் காலமானார். நினைவுச் சின்னம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. வேலை முடிந்து குளிர்ந்த இடம் தேடி வந்த ஓய்வூதியக்காரர் என்ற இனத்துக்கு ஃபூட்தான் ஏற்காட்டின் மூத்த முன்னுதாரணம். ஆனால் அவர் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார், சேர்த்த கருவிகளுக்குப் பட்டியல் எழுதினார், பெரும் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார்.

இந்த மூவருக்கும் மலைக்கு வெளியே இருந்து வருமானம் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு காப்பிக்கு வருவோம். ஏற்காட்டில் நிலம் வாங்க நினைக்கிறவர் கண்ணில் முதலில் ஆடுவது காப்பித் தோட்டம்தான்.

“ரெண்டு ஏக்கர் காப்பி இருந்தா போதும், உட்கார்ந்து சாப்பிடலாம்” என்பது புரோக்கர் வசனம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா. இந்தியாவில் அராபிகாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 500 கிலோவுக்கும் குறைவு. அதாவது ஏக்கருக்கு 200 கிலோ வந்தால் நல்ல தோட்டம். ஒரு கிலோ சுத்தமான கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். ஆக ஏக்கருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் பழத்தை ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். ஒரே செடியில் ஒரே நேரத்தில் எல்லாம் பழுக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை மூன்று நான்கு முறை வர வேண்டும். கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 80,000 ரூபாய், அதுவும் செலவு போகாத கணக்கு. பறிப்புக் கூலி, களையெடுப்பு, உரம், கவாத்து, நிழல் மரக் கிளை கழித்தல், மருந்து எல்லாம் போக மிஞ்சுவதை வைத்து இரண்டு ஏக்கர்காரர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க முடியாது.

அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் காப்பி பூக்கும். தோட்டமே வெள்ளையாக, மல்லிகை மாதிரி மணக்கும் அந்த ஒரு வாரத்தைப் பார்த்து நிலம் வாங்கியவர்கள் உண்டு. அந்த மழை பத்து நாள் தள்ளிப்போனால் விளைச்சல் அடிபடும். அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் உதிரும், களத்தில் காய வைத்தது பூஞ்சை பிடிக்கும். பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். மாலை மூடுபனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும். சுற்றுலா வந்தவர் அந்த நேரத்தில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்; தோட்டக்காரர் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருப்பார்.

பூச்சியையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அராபிகாவின் எமன். வண்டு பட்டையில் முட்டையிடும், புழு தண்டுக்குள் குடைந்து போகும், இலை மஞ்சளாகித் தெரியவரும்போது செடி பாதி செத்திருக்கும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் குறைந்து வெயில் விழும் தோட்டத்தில்தான் இந்த வண்டு அதிகம் வரும். ‘வியூ’ வேண்டும் என்று மரங்களை வெட்டும் புதிய உரிமையாளர், தன் காப்பிக்குத் தானே கேடு தேடிக்கொள்கிறார். புதிதாக நட்டால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டு.

பெரிய தோட்டங்கள் இந்த மலையில் தலைமுறைகளாக நடக்கின்றன என்றால் அதற்குக் காரணம் பரப்பளவு. நில உச்சவரம்புச் சட்டத்தில் காப்பி, தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. அதோடு நிழல் மரத்தில் ஏற்றிய மிளகு. காப்பி விலை சரிந்த 2000-களின் தொடக்கத்தில் பல தோட்டங்களைக் காப்பாற்றியது மிளகுதான். 2024, 2025-இல் காப்பி விலை உலகச் சந்தையில் உச்சத்தைத் தொட்டது உண்மை. அந்த விலையைப் பார்த்து நிலம் வாங்குகிறவர், பிரேசிலில் பனியோ வறட்சியோ இல்லாத ஆண்டின் விலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காப்பி வேண்டாம், சும்மா வீடு கட்டிக்கொண்டு இருக்கலாம் என்பவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். மலையில் நிலம் என்பது சமவெளி மனை அல்ல. ஏற்காடு மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது. 1990-இல் அமைக்கப்பட்ட அந்த ஆணையத்தின் ஒப்புதல் மனைப்பிரிவுகளுக்கும் பெரிய கட்டுமானங்களுக்கும் தேவை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. தான் நட்ட சில்வர் ஓக் மரத்தை வெட்டவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொள்ளாத தோட்டக்காரர் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, ‘பத்திரம் ஆயிடும் சார்’ என்ற வாக்குறுதியை நம்பி முன்பணம் கொடுத்திருந்த பலர் மாநிலம் முழுக்கக் கையைப் பிசைந்தார்கள்.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரியாக இருந்தாலும் மலையில் மேலும் மூன்றைப் பார்க்க வேண்டும். பாதை யாருடையது? பல இடங்களில் ஜீப் போகும் தடம் பக்கத்துத் தோட்டத்துக்குள் போகிறது; இன்றைய உரிமையாளர் விடுவார், நாளை அவர் மகன் கேட் போடுவார். தண்ணீர் எங்கே? இந்த மலை கடினமான சார்னோகைட் பாறை. ஊற்றுக் கிணறு இருக்கும் இடத்தில் கோடையிலும் தண்ணீர், இல்லாத இடத்தில் எத்தனை அடி ஆழ்துளை போட்டாலும் புகைதான். மூன்றாவது, நிலம் யாரிடமிருந்து வந்தது?

இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆந்திரம், ஒடிசா போன்ற மாநிலங்களில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு; அங்கே பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அரசு ஒப்படை செய்த நிலங்களுக்கு நிபந்தனைகள் உண்டு என்றாலும், மருத்துவச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் கை மாறிய நிலங்களின் கதை மலையெங்கும் கேட்கக் கிடைக்கும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுக்காடுகளில் சில இன்று ரிசார்ட்டின் நீச்சல் குளம். நிலத்தை விற்றவர் அதே இடத்தில் தோட்ட வேலைக்கோ வாட்ச்மேனாகவோ வருகிறார். இது சட்டப்படி குற்றமாக இல்லாமல் இருக்கலாம். வாங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக வாழப்போகிறவர் என்பதால், சட்டத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

நகரவாசி மேலே ஏறும் அதே காலத்தில் மலைவாசி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிகள். சேர்வராயனின் அக்கம்பக்கத்து மலைகள். மலைக் காற்று அவர்களுக்கும் இலவசமாகத்தான் கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை.

சரி, நிலமும் வீடும் அமைந்துவிட்டது என்றே கொள்வோம். ஒரு வருடம் எப்படிப் போகும்?

மார்ச் முதல் மே வரை சொர்க்கம், கூட்ட நெரிசலையும் ஹாரன் சத்தத்தையும் கழித்துவிட்டால். ஜூனில் தென்மேற்குப் பருவம். மழை சமவெளி மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது; நசநசவென்று நாள் கணக்கில் நிற்கும். துணி காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சை பூக்கும், அதற்குப் பக்கத்தில் வைத்த பட்டுப்புடவையில் வெள்ளைப் பூஞ்சை. புத்தகங்கள் உப்பும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். மூட்டு வலிக்காரர்கள் பலர் மலைக் காற்று நல்லது என்று வந்து, முதல் டிசம்பரிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மூடுபனி படத்தில் அழகு. அதற்குள் பைக் ஓட்டிப் பால் வாங்கப் போகிறவருக்கு எதிரே வருவது காரா, காட்டெருமையா என்று தெரியாது. காட்டெருமைகள் இப்போது காப்பித் தோட்டங்களில் சர்வ சாதாரணமாக மேய்கின்றன. குரங்குகளைச் சொல்லவே வேண்டாம். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை போடாத வீட்டில் வாழைப்பழம் தங்காது.

வடகிழக்குப் பருவம்தான் உண்மையான தேர்வு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்மாவட்டங்கள் வழியாக மெல்ல நகர்ந்தது. டிசம்பர் முதல் நாள்களில் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து மரங்கள் சாய்ந்தன, போக்குவரத்து நின்றது, மின்சாரம் போனது. கீழே இறங்க இரண்டு பாதைகள்தான்: அடிவாரம் வழியாக ஒன்று, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணத்துக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே மழையில் நனைகின்றன. பாதை நன்றாக இருக்கும் நாளிலும் கவனம் தேவை என்பதை, அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் பலியானது காட்டியது.

பாதை என்றால் மருத்துவம் என்று பொருள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது; காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் ஆகும். நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தனியார் மருத்துவமனைகளுக்கோ இருபது வளைவுகள் இறங்க வேண்டும். டவுனுக்குள் ஒண்டிக்கடைப் பக்கம் இருப்பவருக்கு ஒரு மணி நேரம். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் உள்ளே போய் நிலம் வாங்கியவருக்கு, முதலில் ஏற்காடு வந்து சேரவே நேரம் பிடிக்கும். அறுபது வயதுக்கு மேல் அமைதி தேடி வருகிறவர்களுக்கு அமைதியும் ஆம்புலன்ஸும் எதிரெதிர் திசையில் இருப்பதுதான் சங்கடம்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வசதி: பள்ளி உண்டு. சேக்ரட் ஹார்ட் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடக்கிறது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. சசி தரூர், நடிகர் விக்ரம், அன்புமணி ராமதாஸ் எல்லாம் மான்ட்ஃபோர்ட்டில் படித்தவர்கள்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூறு ஆண்டுகளாக நகரத்துப் பெற்றோர் பிள்ளைகளை இந்த மலைக்கு அனுப்புவது, அவர்கள் பின்னால் பெரிய நகரங்களுக்குப் போவதற்காக. படித்து முடித்துவிட்டு ஏற்காட்டிலேயே தங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நகரத்தை விட்டு வந்து நிலைத்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். கொஞ்சம் வடகிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போனால் பார்க்கலாம். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் காந்திகிராமத்தில் வேலை பார்த்துவிட்டு 1993-இல் அங்கே வந்தார்கள். அங்கேயும் பெரும்பான்மை மலையாளிகள். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு அரூரையும் தாண்டிப் போக வேண்டிய காலம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். சில ஆண்டுகளில் குழந்தை இறப்பு இருபதுகளுக்கு இறங்கியது. நோய்க்குப் பாதிக் காரணம் வறுமை என்று கண்டபின் இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. லம்பாடிப் பெண்களின் பழைய பூவேலையை மீட்டு ‘பொற்கை’ என்ற கைவினைக் குழு வந்தது. முப்பது ஆண்டு தாண்டியும் அந்த மருத்துவமனை நடக்கிறது.

அதே மாவட்டம் நாகர்கூடலில், கட்டடக் கலை படித்த மீனாட்சி உமேஷ் வறண்ட நிலத்தில் குடியேறி ‘புவிதம்’ பள்ளியை நடத்துகிறார். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2019 முதல் வசிக்கும் ஸ்ரீதர் வேம்பு வேறு ரகம். அவருடைய ஸோஹோ நிறுவனம் அதற்கு முன்பே, 2011 முதல், தென்காசியில் அலுவலகம் நடத்தியது. அதாவது அவர் கிராமத்துக்கு வந்தபோது தன் வேலையையும் பிறருக்கான வேலையையும் கூடவே கொண்டுவந்தார்.

இவர்களுக்கும், ஏற்காட்டில் மூன்றாண்டு முடிவில் ‘விற்பனைக்கு’ பலகை மாட்டுகிறவர்களுக்கும் உள்ள வேறுபாடு பணமல்ல. ரெஜி, லலிதாவிடம் 1993-இல் பணம் இருக்கவில்லை. அந்த ஊருக்குத் தேவைப்பட்ட ஒரு வேலை அவர்கள் கையில் இருந்தது. அல்லது ஃபூட், வேம்பு மாதிரி, எங்கிருந்தும் செய்யக்கூடிய சொந்த வேலை இருந்தது. காலையில் எழுந்து என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. நகரத்திலிருந்து தப்பிப்பதை மட்டுமே திட்டமாகக் கொண்டு வருகிறவருக்கு, நாற்பதாவது நாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கேள்வி எழும், மழை பெய்துகொண்டிருக்கும்போது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மலையின் தனிமை நகரத்துத் தனிமையைவிடக் கூர்மையானது. எதிர்வீட்டு டிவி சத்தம்கூடத் துணைக்கு இல்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு இது நடைமுறைக்கு நெருங்கிய வழி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டவுனுக்குள் இணையம் ஓரளவு வேலை செய்கிறது. ஒரு முகட்டைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் போதாத நாள்கள் வரும். பெங்களூர் நான்கைந்து மணி நேரத் தொலைவுதான் என்பதால் மாதம் ஒருமுறை அலுவலகம் போய்வரலாம். ஆனால் இவர்களும் முதலில் நிலம் வாங்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கட்சி. வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை, முக்கியமாக நவம்பரும் டிசம்பரும் இருந்து பார்த்துவிட வேண்டும். புரோக்கர் வீடு காட்டுவது எப்போதும் ஏப்ரலில்தான்.

ஊர் அவரை எப்படிப் பார்க்கும் என்பதும் இருக்கிறது. இந்த மலை வெளியாட்களை நிறையப் பார்த்துவிட்டது. தோட்டக்காரர்கள் வந்தார்கள், மிஷனரிகள் வந்தார்கள், பாக்சைட் எடுக்க வந்தார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலை உச்சிகளைச் சுரண்டிய சுரங்கங்கள் 2008-இல் சுற்றுச்சூழல் அனுமதிப் பிரச்சினையில் நின்றன. மண் மூடியை இழந்த உச்சியில் மழைநீர் நிற்காது. ஊற்றுகள் அந்த உச்சிகளை நம்பித்தான் ஓடுகின்றன. சேலத்தின் நடுவில் சாக்கடையாகிப்போன திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் ஓடும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு புதிய ரிசார்ட்டும் புதிய வில்லாவும் அதே ஊற்றுக் கணக்கில் கை வைக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்படி இரண்டே தொகுதிகள், மற்றது சேந்தமங்கலம். குடியேறியவர் இங்கே ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. அரிதாக ஒரு இடத்திலாவது பேச்சு மலையாளியின் கையில் இருக்கிறது என்பது நியாயமாகவே படுகிறது.

கூட்டத்தின் பாரத்தை மலைகள் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். அப்போது ஏற்காடு அதில் சேர்க்கப்படவில்லை. அங்கே கதவு சாத்தப்பட்டால் கூட்டம் இங்கே திரும்பும் என்று ஹோட்டல்காரர்கள் மகிழலாம். அமைதி தேடிக் குடிவந்தவர் மகிழ முடியாது.

இதற்கிடையே ஊரே மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த புதிய பேரூராட்சிகளின் பட்டியலில் ஏற்காட்டின் பெயரும் இருந்தது. ஊராட்சியாக இருக்கும்வரை கிடைக்கும் நூறு நாள் வேலை, பேரூராட்சி எல்லைக்குள் கிடைக்காது. வரிகளும் கட்டட விதிகளும் மாறும். தெருவிளக்கும் குப்பை அள்ளுவதும் மேம்படலாம். தோட்ட வேலை இல்லாத மாதங்களில் அந்த நூறு நாளை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது கசப்பான செய்தி. கிராமத்தைத் தேடி ஏற்காட்டுக்கு ஏறப்போகிறவர், தான் வாங்கும் சர்வே எண் எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதையும் இனி வில்லங்கச் சான்றோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.